சரிவில் வீடு கட்டப் போகிறோம். பின்னால் உள்ள மேடு சரியுமா என்று எப்படிப் பார்ப்பது?

ஹில்வியூ பக்கம் பழைய தரைவீடு வாங்கி இடித்துக் கட்டப் போகிறீர்கள். பின்னால் 5 மீட்டர் மேடு, அதன் மேல் அடுத்தவர் வீடு. "சிங்கப்பூரில் எங்கே மலை இருக்கிறது, மண் சரிய? நடுவில் ஒரு போர்ஹோல் போட்டால் போதும்" என்று கட்டுமான ஒப்பந்தக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போர்ஹோல் என்றால் அடிமண்ணைச் சோதிக்கத் துளைக்கும் ஆழ்துளை. நான் 16 ஆண்டுகளாக மண் ஆய்வு வேலையில் இருக்கிறேன். அந்த ஒற்றைப் போர்ஹோலை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

மண் சரிய மலை தேவையில்லை. 1995 பிப்ரவரியில் பெய்த ஒரே மழையில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. எல்லாம் சின்னச் சின்ன மேடுகள். அதற்குப் பிறகு அங்கே நடந்த ஆய்வுகளில் ஒன்று தெளிவானது: சரிகிற அன்று பெய்யும் மழையோடு, அதற்கு முந்தைய ஐந்து நாள் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காரணம் இதுதான். கொழுக்கட்டை மாவைப் பாருங்கள். அளவாகத் தண்ணீர் இருந்தால் பிடித்த வடிவத்தில் நிற்கும். கொஞ்சம் கூடிவிட்டால் குழைந்து இறங்கிவிடும். நம் மேடுகளின் மேல்மண்ணும் அப்படித்தான். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணில் பாதி ஈரம்தான் இருக்கும். அந்த ஈரம் மண்துகள்களை உள்ளிழுத்துப் பிடித்துவைத்திருக்கிறது. தொடர் மழையில் இடைவெளியெல்லாம் நிரம்பியதும் அந்தப் பிடி போய்விடும். அதனால் இங்கே பெரும்பாலும் மேலே உள்ள இரண்டு மூன்று மீட்டர்தான் வழுக்கி வரும். இரண்டு மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறக்குறைய இரண்டு டன்.

எனவே முதல் வேலை தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்ப்பது. அதற்கு இன்ஜினியர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல மழை விட்டதும் குடையோடு போய்ப் பாருங்கள், ஆனால் மேட்டின் அடிவாரத்தில் நிற்காதீர்கள். மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? மேட்டு உச்சியில் உள்ள கால்வாய் வெடித்திருக்கிறதா, இலை அடைத்திருக்கிறதா? பழைய தடுப்புச் சுவரின் வடிதுளைகளில் தண்ணீர் வருகிறதா? அடைமழைக்குப் பிறகும் எல்லாத் துளைகளும் காய்ந்து கிடந்தால் அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். தண்ணீரெல்லாம் சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்கலாம். உச்சியில் பிறை வடிவ விரிசல், ஒரே பக்கம் சாய்ந்த வேலிக்கம்பங்கள், வயிறு தள்ளிய சுவர், வெயில் காலத்திலும் அடிவாரத்தில் செழித்திருக்கும் பெரணி, எல்லாவற்றையும் தேதி போட்டுப் படம் எடுத்துவையுங்கள்.

அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஒரு வேலையிடத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, முன்னெல்லாம் அந்த மூலையில தெளிஞ்ச தண்ணிதான் கசியும். இந்த வருஷம் கலங்கி வருது" என்றார். கலங்கி வருகிறது என்றால் உள்ளே மண் அரித்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். எங்கள் அறிக்கையில் அது இல்லவே இல்லை. நான் மேலதிகாரிகளிடம் சொன்னேன். ஆனாலும் சுவர் அடித்தளத்துக்காக மேட்டின் அடியை முழு நீளத்துக்கும் ஒரே நாளில் வெட்டினார்கள், அதுவும் டிசம்பரில். மூன்றாம் நாள் இரவு மண் இறங்கி, மேல்வீட்டு வேலி அந்தரத்தில் தொங்கியது. பகலாக இருந்திருந்தால் அந்தக் குழிக்குள் நம் ஊர்த் தம்பிகள் நான்கு பேர் நின்றிருப்பார்கள். அடிவாரத்தைத் துண்டு துண்டாகத்தான் வெட்ட வேண்டும். ஒரு துண்டை வெட்டி, சுவர் எழுப்பி, பின்புறம் நிரப்பி முடித்த பிறகுதான் அடுத்தது.

சரி, போர்ஹோலுக்கு வருவோம். மேட்டு உச்சி, நடு, அடிவாரம் என்று ஒரே கோட்டில் குறைந்தது மூன்று வேண்டும். அப்போதுதான் மேட்டின் குறுக்குவெட்டு கிடைக்கும். உச்சி அடுத்தவர் நிலம் என்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அவர் வீட்டையும் பாதுகாக்கிற வேலைதான் அது. உங்கள் பக்கம் புக்கிட் தீமா கருங்கல் சிதைந்து உருவான மண். அதில் சிதையாத உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும். ஒன்றில் துரப்பணம் முட்டியதும் 'அடிப்பாறை வந்துவிட்டது' என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. கல்லுக்குள் இன்னும் சில மீட்டர் துளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு, மேடு இயற்கையானதா, கொட்டி நிரப்பியதா என்பது முக்கியம். பழைய நில அளவைப் படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அன்றைய உயரத்தையும் இன்றைய உயரத்தையும் ஒப்பிட்டாலே தெரியும். சரியாக அழுத்தாமல் கொட்டிய மண்தான் எனக்கு அதிகக் கவலை தருவது.

போர்ஹோலில் நீர்மட்டக் குழாய் பொருத்தி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் பலமுறை அளக்கச் சொல்லுங்கள். ஜூலையில் ஒருமுறை அளந்த நீர்மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எந்த மேடும் உறுதியாகத்தான் தெரியும். இன்ஜினியரிடம் நேராகவே கேளுங்கள்: "மேல்மண் முழுக்க நனைந்த நிலைக்கும் கணக்குப் போட்டீர்களா?" தயங்கினால் வேறொருவரைப் பாருங்கள்.

கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி எப்படியும் வேண்டும். 2004-இல் நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நான்கு பேர் இறந்த பிறகு ஆழமான தோண்டல் வேலைகளுக்கு விதிகள் கடுமையாயின. உங்கள் தோண்டல் அந்த அளவுக்கு ஆழமில்லாமல் போகலாம். அதற்காக மண் துறை இன்ஜினியருக்கான செலவை மிச்சப்படுத்தாதீர்கள்.

அடிவாரத்தை வெட்டும் வேலையைப் பொங்கல் கழிந்து பிப்ரவரியில் வைக்கலாம், பொதுவாக மழை குறைகிற மாதம். ஆனால் பல்கலைக்கழக வளாகத்தில் மண் சரிந்ததும் ஒரு பிப்ரவரியில்தான். வெட்டிய முகத்தை மூடத் தார்ப்பாயை முதல் நாளே வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.