டாக்ஸில் இருக்கும் கோட் ஓடுகிறதா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் நிரல்மொழியை உருவாக்கி வருகிறோம். கம்பைலர் ஓரளவு நிலைப்பட்டுவிட்டது. டாக்குமென்டேஷன் (சுருக்கமாக டாக்ஸ்) மட்டும் ஒரு விக்கியில் கிடக்கிறது, அதில் பாதி பழசு. புதிதாக வருகிறவர்கள் அங்கிருக்கும் உதாரணத்தை எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு "பிழை வருகிறது" என்று இஷ்யூ போடுகிறார்கள். இதைச் சரிசெய்ய எந்த டூல் நல்லது? யார் உட்கார்ந்து எழுதுவது? மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார், இப்போதே தொடங்கலாமா?

பதில்: டூல் எது என்பதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கல் அதில் இல்லை. உதாரணத்தை எடுத்து ஓட்டினால் பிழை வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு ஃபங்ஷனைப் பற்றி டாக்ஸில் ஒன்றுமே இல்லையென்றால் ஆள் கேள்வி கேட்பார், சோர்ஸைத் திறந்து பார்ப்பார், எப்படியோ சமாளிப்பார். இருப்பது தப்பாக இருந்தால் கதை வேறு. புதியவர் டாக்ஸைச் சந்தேகப்பட மாட்டார், தன்னைத்தான் சந்தேகப்படுவார். கொஞ்ச நேரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு வேறு மொழிக்குப் போய்விடுவார். இஷ்யூ போட்டவர்கள் உண்மையில் பொறுமைசாலிகள்.

முதலில் விக்கியை விட்டு வெளியே வாருங்கள். டாக்ஸ், கம்பைலரின் சோர்ஸ் இருக்கும் அதே ரெப்போவில் (கிட் களஞ்சியத்தில்) ஒரு ஃபோல்டராக இருக்கட்டும். பைத்தானின் டாக்ஸ் அப்படித்தான், அந்த மொழியின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் ரெப்போவுக்குள்ளேயே இருக்கிறது. இதில் என்ன லாபம் என்றால், ஒரு ஃபங்ஷனின் நடத்தையை மாற்றுகிற புல் ரிக்வெஸ்டிலேயே (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கிற கோரிக்கையிலேயே) அதன் விளக்கமும் மாறும், இரண்டையும் ஒரே ஆள் சேர்த்து ரிவ்யூ செய்வார். அப்புறம், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் டேக் போடும்போது அந்த வெர்ஷனுக்கு உரிய டாக்ஸும் தானாகவே அதோடு உறைந்துவிடும். விக்கியில் 0.4 வைத்திருப்பவருக்கும் 0.7 வைத்திருப்பவருக்கும் ஒரே பக்கம்தான், அதில் யாருக்கு எது பொருந்தும் என்று பக்கத்தை எழுதியவருக்கே நினைவிருக்காது.

இரண்டாவதுதான் முக்கியமானது, இதை மட்டும் செய்தாலும் உங்கள் தலைவலியில் பெரும்பகுதி போய்விடும்: டாக்ஸில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் மெஷினே ஓட்டிப் பார்க்க வேண்டும். இது புது யோசனை ஒன்றும் இல்லை. பைத்தானில் டாக்டெஸ்ட் 2001இல் வந்த 2.1 வெர்ஷனிலிருந்தே இருக்கிறது: இன்டராக்டிவ் ஷெல்லில் தட்டியதையும் வந்த விடையையும் அப்படியே ஒட்டினால், அது மறுபடி ஓட்டி விடையை ஒப்பிடும். எலிக்ஸிரிலும் இதே மாதிரி. கோ மொழியில் உதாரணங்கள் டெஸ்ட் ஃபைலுக்குள் தனி ஃபங்ஷன்களாக இருக்கும், கடைசியில் கமென்ட்டாக எழுதிய அவுட்புட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். அந்த கமென்ட் இல்லாவிட்டால் கம்பைல் மட்டும் செய்யும், ஓட்டாது. ரஸ்ட்டில் கார்கோ டெஸ்ட் என்று அடித்தால் லைப்ரரியின் டாக் கமென்ட்டில் (சோர்ஸுக்குள்ளேயே ஃபங்ஷனுக்கு மேலே எழுதும் விளக்கத்தில்) உள்ள கோட் துண்டுகளும் சேர்ந்தே கம்பைல் ஆகி ஓடுகின்றன.

ரஸ்ட்டிலிருந்து இரண்டு விஷயங்களை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்று, "இது கம்பைல் ஆகக்கூடாது" என்று ஒரு துண்டுக்குக் குறி போடுவது. நிரல்மொழியின் டாக்ஸில் "இப்படி எழுத முடியாது" என்று சொல்ல வேண்டிய இடங்கள் ஏராளம். ஆறு மாதம் கழித்து யாரோ டைப் செக்கரை (மதிப்புகளின் வகை பொருந்துகிறதா என்று பார்க்கிற பகுதியை) தளர்த்தி அது கம்பைல் ஆகத் தொடங்கினால், அந்தப் பக்கம் பொய்யாகிவிட்டது என்று டெஸ்ட் அப்போதே கத்தும். இன்னொன்று, மறைந்த வரிகள். வரியின் முன்னால் ஒரு குறியீடு போட்டால் அது கம்பைலருக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. இம்போர்ட், மெயின் ஃபங்ஷன் எல்லாம் ஒவ்வொரு உதாரணத்திலும் வந்து கண்ணை உறுத்தாது.

உங்கள் மொழிக்கு இதையெல்லாம் யாரும் செய்து தர மாட்டார்கள், நீங்களேதான் எழுத வேண்டும், ஆனால் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. மார்க்டவுன் ஃபைல்களில் உள்ள கோட் பிளாக்குகளைப் பிரித்தெடுத்து, கம்பைலரிடம் கொடுத்து, விடையை ஒப்பிடுகிற ஒரு சிறிய ஸ்கிரிப்ட் போதும். மூன்று குறிகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஓட வேண்டியது, தோற்க வேண்டியது, விட்டுவிட வேண்டியது. மூன்றாவது குறியை மட்டும் யாராவது கண்காணிக்க வேண்டும், ஏனென்றால் டெஸ்ட் தோற்கும்போதெல்லாம் அவசரத்தில் எல்லோருடைய கையும் அதைத் தேடித்தான் போகும் (நானும் செய்திருக்கிறேன்). மெமரி முகவரி, நேரம், வரிசை உறுதியில்லாத மேப் இவையெல்லாம் விடையில் வந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். ஒப்பீட்டைத் தளர்த்துவதைவிட உதாரணத்தையே மாற்றி எழுதுவது நல்லது. இன்னொரு எச்சரிக்கை, இது நன்றாக ஓடத் தொடங்கியதும் கம்பைலரின் விளிம்பு நிலைச் சோதனைகளையும் டாக்ஸுக்குள் திணிக்கத் தோன்றும். வேண்டாம். வாசகர் அங்கே கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்.

பிழைச் செய்திகளையும் டாக்ஸ் என்றே நினையுங்கள். ஒரு புதிய மொழியில் ஆட்கள் அதிகம் படிக்கிற எழுத்து அதுதான் என்பது என் எண்ணம். ரஸ்ட் பெரும்பாலான பிழைகளுக்கு ஒரு எண் கொடுக்கிறது. E0382 என்றால் மூவ் ஆகிப்போன, அதாவது வேறொரு இடத்துக்கு உரிமை கைமாறிவிட்ட, மதிப்பை மறுபடி பயன்படுத்தியது. அந்த எண்ணைக் கொடுத்து கம்பைலரிடமே நீண்ட விளக்கம் கேட்கலாம். உங்களுக்கு முன்னூறு பிழைகள் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் எழுத வேண்டாம், இஷ்யூக்களில் அடிக்கடி வருகிற பத்துக்கு எழுதுங்கள்.

சரி, என்ன எழுதுவது? டேனியலே புரோச்சிடா என்பவர் டாக்ஸை நான்காகப் பிரிக்கிற ஒரு முறையை வகுத்திருக்கிறார், டயாடாக்சிஸ் என்று பெயர்: டுடோரியல், ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வழிகாட்டி, ரெஃபரன்ஸ், பின்னணி விளக்கம். நல்ல பிரிப்பு. ஆனால் நான்கு பேர் உள்ள புராஜெக்ட்டில் நான்கு காலி ஃபோல்டர்களைத் திறந்து வைத்து "விரைவில்" என்று எழுதிப் போடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நிறுவுவதிலிருந்து முதல் நிரல் ஓடுவது வரை ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ரெஃபரன்ஸை சோர்ஸில் உள்ள டாக் கமென்ட்டிலிருந்தே உருவாக்குங்கள். இலக்கணத்தையும் கையால் எழுதாதீர்கள்: பைத்தான் டாக்ஸில் உள்ள முழு இலக்கணப் பக்கம், பார்சரை (கோடைப் படித்து அதன் அமைப்பைப் பிரிக்கிற பகுதியை) உருவாக்கப் பயன்படும் அதே இலக்கண ஃபைலிலிருந்துதான் வருகிறது, அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட வழியில்லை. மற்ற பக்கங்களெல்லாம் இஷ்யூவில் ஒரே கேள்வி இரண்டாம் முறை வரும்போது எழுதினால் போதும்.

டாக் கமென்ட் இல்லாத பப்ளிக் ஃபங்ஷனுக்கு எச்சரிக்கை தருகிற வசதி பல மொழிகளில் உண்டு. அதைப் புதிதாகச் சேர்க்கிற பெயர்களுக்கு மட்டும் கட்டாயமாக்குங்கள். பழையவற்றுக்கும் சேர்த்துக் கட்டாயமாக்கினால் "கூட்டு: இரண்டு எண்களைக் கூட்டும்" என்கிற ரகத்தில் நூறு கமென்ட்டுகள் ஒரே இரவில் முளைக்கும், கணக்கில் நூறு சதவீதம் காட்டும், ஒருவருக்கும் பயன்படாது. நெகடிவ் எண் கொடுத்தால் என்ன ஆகும், வரம்பு தாண்டினால் என்ன ஆகும், இதைத்தானே ஆட்கள் தேடி வருகிறார்கள்?

யார் எழுதுவது என்றால், மாற்றியவரே முதல் வரைவை எழுத வேண்டும். கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, நடையை இன்னொருவர் திருத்தட்டும். டாக்ஸ் மாறாமல் பப்ளிக் மாற்றம் எதுவும் மெர்ஜ் ஆகாது என்ற விதியை நான்கு பேரும் ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும். வெளியிலிருந்து எழுத்துப்பிழை திருத்தம் வந்தால் அன்றைக்கே மெர்ஜ் செய்துவிடுங்கள், அடுத்த முறை அவர் ஒரு பக்கமே எழுதித் தரலாம். இன்னொன்றும் செய்து பாருங்கள். உங்கள் மொழியை இதுவரை தொடாத ஒருவரை உட்காரவைத்து, அந்த முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எதை இரண்டு தடவை படிக்கிறார், எந்த இடத்தில் பிரவுசரில் வேறு டேப் திறக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒரு முறைதான் இப்படிப் பயன்படுத்த முடியும், அடுத்த வாரம் அவரும் உங்களைப்போல் எல்லாம் தெரிந்தவராகிவிடுவார்.

வெர்ஷன் குறிப்பை இன்றே தொடங்குங்கள். எந்த ஃபங்ஷன் எந்த வெர்ஷனில் வந்தது, எதில் மாறியது என்று ஒரு வரி, அவ்வளவுதான், ஆனால் பின்னாளில் கிட் வரலாற்றைத் தோண்டி இதை நிரப்புவது நரகம். முகவரியில் எப்போதும் புதியதையே காட்டுகிற ஒரு பாதையும் வெர்ஷன் எண்ணோடு தனிப் பாதையும் இருக்கட்டும், பழைய பக்கங்களில் கனானிக்கல் லிங்க் (இதன் முதன்மைப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) போட்டு வையுங்கள், இல்லையென்றால் தேடுபொறி பழைய 0.3 பக்கத்தைத்தான் முதலில் நீட்டிக்கொண்டிருக்கும்.

டூலுக்கு வருவோம். பக்கங்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாகப் படிக்கிற வகை என்றால், மார்க்டவுன் ஃபைல்களைப் புத்தகம்போல் தொகுக்கிற எம்டிபுக் போதும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு லிங்க் நிறைய வேண்டும் என்றால் ஸ்ஃபிங்க்ஸ். அது பைத்தான் டாக்ஸை லேடெக் என்ற பழைய ஆவண வடிவத்திலிருந்து மாற்றுவதற்காகவே பிறந்தது, 2008இல் வந்த 2.6 முதல் அதில்தான் ஓடுகிறது. எதை எடுத்தாலும் உங்கள் மொழியின் கோடைச் சொல் சொல்லாகப் பிரித்து வண்ணமிடுகிற லெக்சரை நீங்களே எழுத வேண்டியிருக்கும். டாக் கமென்ட்டுகளை ஜேசனாக (எந்த டூலும் படிக்கக்கூடிய தரவு வடிவமாக) தள்ளுகிற ஒரு ஆப்ஷனைக் கம்பைலரில் சேர்த்துவிடுங்கள், டூல் நாளைக்கு மாறினாலும் அது இருக்கும். உள் லிங்க் உடைந்தால் பில்ட் தோற்கட்டும். வெளி லிங்க் சோதனையை வாரம் ஒருமுறை தனியாக ஓட்டுங்கள், யாரோ ஒருவருடைய சர்வர் படுத்துக்கொண்டதற்காக உங்கள் மெர்ஜ் நிற்கக்கூடாது.

மொழிபெயர்ப்பை முதல் பக்கங்கள் அடிக்கடி மாறாமல் நிலைப்படும்வரை தள்ளிப்போடுங்கள். கேட்டவருக்கு அவ்வளவு ஆர்வம் இருந்தால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் செய்யட்டும், ஆனால் பிஎச்பி கையேட்டில் செய்வதுபோல, மூலத்தின் எந்த கமிட்டிலிருந்து (பதிவான எந்த மாற்றத்திலிருந்து) மொழிபெயர்த்தது என்பதை ஃபைலின் தலையிலேயே எழுதச் சொல்லுங்கள். எது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று ஒரு ஸ்கிரிப்ட் சொல்லிவிடும், பின்தங்கிய பக்கத்தின் மேலே ஒரு பட்டையும் தானாக வரும்.

கடைசியாக, பழைய விக்கியை அழித்துவிடாதீர்கள். எங்கெங்கோ அதற்கு லிங்க் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளதை எடுத்துவிட்டு, புதிய பக்கத்துக்கு ஒரு வரி லிங்க் மட்டும் விட்டு, எடிட்டைப் பூட்டிவிடுங்கள்.