பெயின்டில் ஆரம்பிக்காதீர்கள்: பழைய ஃபேன்டம் 3-ஐப் புதுப்பித்து விற்பது எப்படி?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 1937ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 3 கார் இருக்கிறது. கால் நூற்றாண்டாக ஷெட்டிலேயே நிற்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்து, சீட் தோலை மாற்றி, முழுசாகப் புதுப்பித்து விற்க நினைக்கிறோம். போட்ட பணம் திரும்ப வருமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முழுசாகப் புதுப்பித்தால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்ப வராது. பெயின்ட் வேலை தொடங்கிய பிறகு இது தெரிந்து பயனில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காருக்கு விலை வைக்கப்போவது அதன் பளபளப்பு அல்ல. இன்ஜின் என்ன நிலையில் இருக்கிறது, மேலே இருக்கும் பாடி அதனுடையதுதானா என்ற இரண்டும்தான்.

ரோல்ஸ் ராய்ஸ் தன் காரில் வி12 இன்ஜின் (வி வடிவில் இரு வரிசையாக 12 சிலிண்டர்) வைத்தது இந்த மாடலில்தான் முதல்முறை. 1936 முதல் 1939 வரை 700-க்குச் சற்று மேல் செய்தார்கள். 7.3 லிட்டர், அலுமினிய பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் 24 ஸ்பார்க் பிளக். அற்புதமான இன்ஜின், சந்தேகமே இல்லை. ஆனால் பழைய தண்ணீர் வருடக்கணக்கில் தேங்கி நின்றால் அலுமினியம் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. இதைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு சில சமயம் காரின் விலையையே தாண்டிவிடும்.

அதனால் யார் ஆசைப்பட்டாலும் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்க விடாதீர்கள். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகக் கசடு படிந்தால் அரிப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயிலை இறக்கி, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பிளக் துளை வழியே சிறிய கேமராவை இறக்கிச் சிலிண்டர் சுவரையும் பார்த்துவிடலாம். இந்த மாடலைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், தூரத்திலிருந்து வரவேண்டியிருந்தாலும் பரவாயில்லை. 1937 கார்களில் ஹைட்ராலிக் டேபட் (இன்ஜின் வால்வைத் தள்ளும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பாகம்) இருந்தது. அழுக்கு ஆயிலில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் பலர் பின்னாளில் சாதாரண டேபட்டுக்கு மாற்றினார்கள். உங்கள் காரிலும் மாற்றியிருந்தால் அதைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம். வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்தது பாடி. அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் சேசிஸை, அதாவது இன்ஜினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டத்தை மட்டும்தான் விற்றது. ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்ட் போன்ற பட்டறைகள் மேலே பாடி கட்டிக் கொடுத்தன. பழைய பாடியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திய கார்கள் நிறைய உண்டு. சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு இங்கிலாந்தில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்துக்கு எழுதுங்கள். தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் அவர்கள் காப்பகத்தில் இருக்கின்றன. காரை முதலில் யார் வாங்கினார், யார் பாடி கட்டியது, இன்ஜின் எண் என்ன என்பதெல்லாம் அதில் கிடைக்கும். அந்த எண்களும் காரில் இருப்பவையும் பொருந்தினால், எந்தப் பெயின்ட் வேலையும் தராத மதிப்பை அந்தக் காகிதம் தரும்.

பாடியின் அலுமினியத் தகட்டுக்கு உள்ளே பெரும்பாலும் ஆஷ் மரச் சட்டம் இருக்கும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்க விளிம்பின் அடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம். கீலோடு சேர்ந்து கதவைத் தாங்கும் தூணும் அசைந்தால் மரம் உளுத்துவிட்டது. தூணின் அடிப்பாகத்தில் மெல்லிய ஊசியால் குத்துங்கள். நல்ல மரம் ஊசியை உள்ளே விடாது. மரம் போயிருந்தால் தகட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும், அங்கே பெயின்டும் போய்விடும். மரம் உறுதியாக இருந்தால் பழைய பெயின்டைக் கழுவி, பாலிஷ் போட்டதோடு நிறுத்துங்கள். தோலையும் பதமூட்டி மென்மையாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கிழிந்த இடத்தை மட்டும் தைத்தால் போதும்.

இப்படிச் சொல்லக் காரணம், சேகரிப்பாளர்களின் ரசனை மாறியிருக்கிறது. 2024-இல் அமெரிக்காவின் பெபிள் பீச் அழகுக் கார் போட்டியில் முதல் பரிசு 1934 புகாட்டி டைப் 59-க்குப் போனது. புதுப்பிக்காமல் பழையபடியே காத்துவந்த கார் ஒன்று அங்கே அந்தப் பரிசை வென்றது அதுவே முதல்முறை. அந்தப் பந்தயக் காரின் விலைக் கணக்கை உங்கள் காருக்குப் போடமுடியாது. மூடிய லிமோசின்களுக்குத் திறந்த கூரைக் கார்களைவிட விலை குறைவுதான். அதற்காகக் கூரையை வெட்டித் திறந்த காராக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒருமுறை வெட்டிய பாடியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சரி, விற்பனைக்கு வருவோம். இன்ஜின் அரித்திருந்தால் எதையும் தொடாமல், சோதனை அறிக்கையோடு அப்படியே விற்பதுதான் உங்களுக்கு லாபம். இன்ஜின் தப்பித்திருந்தால் இன்ஜின், பிரேக், பெட்ரோல் டேங்க், வயரிங், டயர் ஆகியவற்றை மட்டும் சரிசெய்து பழைய தோற்றத்திலேயே விற்கச் சொல்வேன். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள், அவையும் காரோடு போகவேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், பில்களைச் சேர்த்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் காரைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். விவரம் தெரிந்தவர் வந்தால் சூடான இன்ஜினை நிறுத்தி உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்வார், சூட்டில் ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார். ஏலத்துக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள்: செய்தியில் வரும் விலையில், வாங்குபவர் மேலே கட்டும் கமிஷனும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். சுத்தியல் விழுந்த விலையிலிருந்து, அதாவது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட விலையிலிருந்து, உங்கள் பக்கக் கமிஷன், படம், போக்குவரத்து எல்லாம் கழிந்த பிறகுதான் பணம் கைக்கு வரும். குறைந்தபட்ச விலையையும், கார் விற்காமல் போனால் கட்டவேண்டிய தொகையையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவசரமில்லை என்றால், இந்த மாடலையே வாங்கி விற்கும் வியாபாரியிடமும் சங்க உறுப்பினர்களிடமும் முதலில் விசாரியுங்கள். வி12 இன்ஜினைக் கண்டு பயப்படாத வாங்குபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.