தக்கலைக்கு அனுப்பியது யார்?

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) ஆளுக்கொருவராக 'என் வாழ்வில் இறைவன்' என்று எழுதி வாசிக்க வேண்டுமாம். 2004 சுனாமி அன்று நான் தக்கலையில் தங்கச்சி வீட்டில் இருந்ததால் பிழைத்தேன். கடவுள்தான் என்னை அங்கே அனுப்பினார் என்று எழுதச் சொல்கிறார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளும் அங்கே உட்கார்ந்திருப்பாள். மற்றபடி என் கதையில் அதிசயம் எதுவும் இல்லை. மீன் விற்றேன், கடன் அடைத்தேன். என்ன எழுதட்டும்?
- பெயர் வேண்டாம், குளச்சல்

பதில்: அந்த வரியை எழுதாதீர்கள் அம்மா. உங்களைத் தக்கலைக்கு அனுப்பியது கடவுள் என்றால், அந்தப் பிள்ளையைக் கரையில் நிறுத்தி வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பக்தி இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பார்த்தா அலை வந்தது?

உங்கள் ஊர்ப் போரில் 1741-ல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னருக்கே படை பயிற்றுவித்தார். மாடும் விளைச்சலும் போய் மனமுடைந்திருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு அவர் சொன்னது, விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து புலம்பிய யோபுவின் கதை. 'உமக்கு நல்லதே நடக்கும்' என்ற ஆறுதல் அல்ல. யோபுவுக்காவது கடைசியில் இழந்தது இரட்டிப்பாகக் கிடைத்தது. 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆன நீலகண்ட பிள்ளையையோ எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. தப்பித்ததுதான் கடவுள் கூட இருந்ததற்கு அடையாளம் என்றால் அவர் கதையில் கடவுளுக்கு இடமே இல்லை.

யோபுவின் நண்பர்களையும் நினைத்துப் பாருங்கள். வந்தவர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல மனுஷர்கள்தான். வாயைத் திறந்து, உனக்கு இது ஏன் வந்தது தெரியுமா என்று விளக்க ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த விளக்கக்காரர்களிடம். புலம்பிய யோபு சரியாகப் பேசினான் என்றார்.

'கடவுள் எனக்குச் செய்தது' என்று நம் ஊரில் சொல்லும் சாட்சிகளுக்கு ஒரு அச்சு இருக்கிறது: நோய், ஜெபம், சுகம். இல்லாவிட்டால் குடி, மனமாற்றம், புது வீடு. அந்த அச்சில் அடங்காததால்தான் உங்கள் கதையை ஒன்றுமில்லாதது என்கிறீர்கள். எனக்கோ அந்த 'மீன் விற்றேன், கடன் அடைத்தேன்'தான் படிக்க ஆசையாக இருக்கிறது. ஏலத்தில் கையில் காசு இல்லாத நாளில் உங்களை நம்பி மீன் தந்தது யார்? பெட்டியோடு பஸ்ஸில் ஏறியபோது நாற்றம் என்று முகம் சுளித்தவர்களை எப்படிச் சமாளித்தீர்கள்? வட்டிக்காரன் வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது யார்? ஜெபிக்கவே பிடிக்காத வருஷம் ஒன்று இருந்திருக்குமே, அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் கடவுள் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. எஸ்தர் நூலின் எபிரேய மூலத்தில் அந்தப் பெயர் ஓர் இடத்தில்கூட வராது. கத்தோலிக்க விவிலியத்தில் சேர்ந்திருக்கும் கிரேக்கப் பகுதிகளில்தான் வரும். அதற்காக எபிரேய எஸ்தரை யாரும் வேதத்திலிருந்து தள்ளிவிடவில்லை.

சுனாமியைத் தவிர்க்க முடியாது, சரி. தங்கச்சி வீட்டில் இருந்தேன், அலை வந்தது, ஊருக்கு ஓடி வந்தேன் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். திரும்பி வந்து யாருக்குக் கஞ்சி வைத்தீர்கள், யாரோடு உட்கார்ந்து அழுதீர்கள் என்பதற்கு அதைவிட அதிகம் இடம் கொடுங்கள். வாசிப்பதற்கு முந்தின நாளே அந்தத் தாயிடம் போய் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். மீன் கதை மட்டுமே போதும். அப்புறம், இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். உங்களுக்குப் பிறகும் வாசிக்க ஆள் இருக்கும்.