பெட்ரூம் சுவத்துல பெயின்ட் திரும்பத் திரும்ப பொரியுதா? பிரஷ்ஷை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தது இதுதான்: பெட்ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கு, தரையிலேருந்து ரெண்டடி உயரம் வரைக்கும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி உதிருது, உள்ள வெள்ளையா உப்பு பூத்திருக்கு. ஒரு வருஷத்துல ரெண்டு தடவை சுரண்டி பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சாச்சு, ரெண்டும் மூணு மாசம் கூட தாங்கல. இந்தத் தடவை பெட்ரூம் பக்கமே வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிச்சிடலாமா, அதை நானே பண்ண முடியுமா?

நீங்களே பண்ணலாம், முக்கால்வாசி வேலைக்கு ஆளே வேணாம். ஆனா அந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சை மட்டும் இப்போ வாங்கிடாதீங்க. தண்ணி பாத்ரூம் பக்கத்துலேருந்து வருது, நீங்க பெட்ரூம் பக்கம் அது வெளிய வர்ற வழியைச் சாத்தினா அது சுவத்துக்குள்ளயே தேங்கி மேல ஏறும், இல்லைன்னா பக்கவாட்டுல போய் வேற இடத்துல வெளிய வரும். ரெண்டடியில இருந்த ஓதம் நாலடிக்கு ஏறி நின்ன சுவர்களை நான் பார்த்திருக்கேன், எல்லாமே உள்பக்கம் இப்படி அடைச்ச சுவர்தான்.

அந்த வெள்ளைப் பொடி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி புரிஞ்சிடும். செங்கல், மணல், சிமென்ட் எல்லாத்துலயும் கொஞ்சம் உப்பு இருக்கும், சுவத்துக்குள்ள போற தண்ணி அதைக் கரைச்சு எடுத்துக்கிட்டு மேற்பரப்புக்கு வந்து தண்ணி மட்டும் ஆவியாயிடும், உப்பு அங்கேயே படிகமா தங்கிடும், அந்தப் படிகம் பெயின்ட்டுக்குப் பின்னாடி வளர வளர பெயின்ட்டைத் தள்ளிவிடும். அதனாலதான் எவ்வளவு நல்ல பெயின்ட் அடிச்சாலும் நிக்கல, பெயின்ட் மேல தப்பு இல்ல. இதுல ஒண்ணு முக்கியம்: உப்பை ஈரத்துணியால துடைக்காதீங்க, கரைஞ்சு மறுபடி சுவத்துக்குள்ளயே போயிடும். காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு, கீழ பேப்பர் விரிச்சு அள்ளி வெளிய கொட்டணும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஈரமான இடத்துல ப்ளக் பாயின்ட் இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த லைனோட பிரேக்கரை இறக்கிடுங்க, அந்த பாயின்ட்டை யாரும் தொட வேணாம், எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் மறுபடி போடணும். இதுல மட்டும் துணிச்சல் காட்டாதீங்க, ப்ளீஸ்.

இப்போ தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிற வேலை. பாத்ரூம்ல ரெண்டு விதமான தண்ணி இருக்கு. ஒண்ணு, பைப்புக்குள்ள அழுத்தத்தோட நிக்கிற நல்ல தண்ணி, அது ஒழுகினா நீங்க குளிச்சாலும் குளிக்காட்டியும் 24 மணி நேரமும் ஒழுகும். இன்னொண்ணு, குளிச்சு வெளிய போற தண்ணி, அது டைல்ஸ் ஜாயின்ட் வழியாவோ நாணி ட்ராப் (தரையில தண்ணி வெளிய போற ஜல்லடை ஓட்டை) ஓரமாவோ இறங்கும். இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம தரையை உடைக்கிறவங்கதான் அதிகம். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல பாத்ரூம் தரை முழுக்க உடைச்சு புது டைல்ஸ் போட்டு முடிச்ச பிறகும் ஓதம் நிக்கல, கடைசியில பார்த்தா சுவத்துக்குள்ள ஷவர் பைப் வளையுற எல்போல மயிரிழை மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான்.

முதல்ல பைப்பைப் பாருங்க. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு எல்லா குழாயையும் மூடிட்டு மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்துக்கோங்க, காலையில யாரும் தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி மறுபடி பாருங்க, நகர்ந்திருந்தா எங்கேயோ ஒழுகுது. மாடியில டேங்க் இருந்து அங்கேருந்துதான் வீட்டுக்குள்ள வருதுன்னா மீட்டர் காட்டாது, அப்போ டேங்குக்கு வர்ற வால்வை மூடிட்டு தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டு வச்சு காலையில பாருங்க. ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாம ஒழுகி உங்களை ஏமாத்தும், அதனால அதுக்குப் போற வால்வையும் மூடிடுங்க. மட்டம் இறங்கியிருந்தா பிளம்பரைக் கூப்பிடுங்க, சுவத்துக்குள்ள இருக்கிற பைப் உங்க வேலை இல்ல. ஹாட் வாட்டர் லைனைத் தனியா மூடித் திறந்து எந்த லைன்ல ஒழுகுதுன்னு முன்னாடியே சொல்லிட்டா அவர் உடைக்கிற இடமும் குறையும்.

பைப் நல்லா இருக்குன்னா அடுத்தது தரை. நாணி ட்ராப் ஜல்லடையை எடுத்துட்டு, துணியைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஓட்டையில இறுக்கமா அடைச்சிடுங்க. வாசப்படி உயரத்துக்குக் கீழ இருக்கிற மாதிரி ஒரு இஞ்ச் தண்ணி கட்டுங்க. சுவத்துல தண்ணி மட்டத்துல பென்சில் கோடு. கூடவே ஒரு அகலமான பேசின்ல தண்ணி வச்சு அதுலயும் ஒரு கோடு போட்டு அதே பாத்ரூம்லயே வச்சிடுங்க. இது எதுக்குன்னா, தண்ணி தானா ஆவியாகியும் கொஞ்சம் குறையும்ல, பேசின்ல எவ்வளவு குறைஞ்சிருக்கோ அதுதான் ஆவியானது, தரையில அதை விட நல்லாவே குறைஞ்சிருந்தா மிச்சம் கீழ இறங்கிடுச்சுன்னு அர்த்தம். 24 மணி நேரம் விடணும். கீழ் வீட்டுல ஆள் இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவங்க சீலிங்ல சொட்ட வாய்ப்பு இருக்கு. குறையலைன்னா தரை நல்லா இருக்கு, அடுத்து ஷவரை டைல்ஸ் சுவத்து மேல மட்டும் அரை மணி நேரம் அடிச்சு விட்டு, அடுத்த ரெண்டு நாள் பெட்ரூம் பக்கம் புதுசா ஈரம் ஏறுதான்னு பாருங்க.

இனி ரிப்பேர். பல வீடுகள்ல கோளாறு கிரவுட்லதான், அதாவது டைல்ஸ் ஜாயின்ட்டை அடைக்கிற கலவையிலதான் இருக்கும். ஒரு டூத்பிக்கை எடுத்து டைல்ஸ் ஜாயின்ட்ல இழுத்துப் பாருங்க, மாவு மாதிரி வந்தா அந்த கிரவுட் செத்துப் போச்சு. அதுக்கு மேலயே புதுசு பூசினா நிக்காது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஹேக்ஸா பிளேடால சுரண்டி, தூசியை உறிஞ்சி எடுத்து, நல்லா காய விட்டு எபாக்ஸி கிரவுட் போடுங்க. எபாக்ஸி சீக்கிரம் இறுகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்கணும், டைல்ஸ் மேல ஒட்டினதை உடனே துடைச்சிடணும், காஞ்சிட்டா பிளேடு வச்சாலும் வராது.

தரையும் சுவரும் சேர்ற மூலையில மட்டும் கிரவுட் வேணாம், அங்க ரப்பர் மாதிரி வளைஞ்சு கொடுக்கிற சிலிகான்தான். அந்த ரெண்டும் வெயிலுக்கும் குளிருக்கும் தனித்தனியா அசையும், கிரவுட் அசையத் தெரியாது, வெடிச்சிடும். பழைய சிலிகானை முழுசா அறுத்து எடுத்துடுங்க, ஏன்னா புது சிலிகான் பழசு மேல ஒட்டவே ஒட்டாது, பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதான். ஸ்பிரிட்டால துடைச்சு, ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிகான் ட்யூப்போட மூக்கை 45 டிகிரியில வெட்டி ஒரே சீரா இழுங்க, சோப்புத் தண்ணியில விரலை நனைச்சு ஒரு தடவை நீவி விட்டு, மேல ஏடு கட்டறதுக்குள்ள டேப்பை உரிச்சிடணும். அப்புறம் ஒரு நாள் முழுக்க தண்ணி படக்கூடாது. குழாய்க்குப் பின்னாடி இருக்கிற அந்த வட்டத் தட்டையும் கழட்டிப் பாருங்க, அதுக்குப் பின்னாடி விரல் போற அளவு ஓட்டை இருக்கும், குளிக்கிற தண்ணி நேரா அது வழியா சுவத்துக்குள்ள போகும். தட்டைச் சுத்தி சிலிகான் வைங்க, ஆனா அடியில கொஞ்சம் இடம் விடுங்க, உள்ள பைப் ஒழுகினா அது வழியா வெளிய வந்து உங்களுக்குக் காட்டிக் கொடுக்கும்.

நாணி ட்ராப் ஓரமா இறங்குதுன்னா, இல்ல டைல்ஸுக்கு அடியில இருக்கிற வாட்டர்ப்ரூஃப் லேயரே போயிடுச்சுன்னா உடைக்காம வழி இல்ல. டைல்ஸ் மேல ஊத்தினாலே போதும், உடைக்கவே வேணாம்னு சொல்ற கெமிக்கலெல்லாம் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், அதை நம்பி பெட்ரூம் சுவத்துக்கு செலவு பண்ணாதீங்க.

ஒழுகல் நின்ன பிறகுதான் பெட்ரூம் பக்கம் கை வைக்கணும். சுவத்தை ஒரு நாணயத்தால தட்டிக்கிட்டே போங்க, கெட்டியான இடத்துல கல்லுல தட்டின மாதிரி சத்தம் வரும், பூச்சு விட்டுப் போன இடத்துல பொக்குன்னு வரும். அந்தப் பொக்கையெல்லாம் உளி வச்சு எடுத்துடுங்க, ஈரம் தெரியுற கோட்டுக்கு மேல இன்னும் ஒரு அடி சேர்த்து எடுங்க, உப்பு ஏறின பூச்சை விட்டு வச்சா அது காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கும். எடுத்துட்டு சும்மா விடுங்க. இந்தக் கட்டத்துலதான் எல்லாருக்கும் பொறுமை போயிடுது. ஒரு இஞ்ச் கனம் காய சுமார் ஒரு மாசம்னு ஒரு கணக்கு உண்டு, பாத்ரூம் பக்கம் டைல்ஸ் இருக்கறதால ஈரம் உங்க பக்கம் மட்டும்தான் வெளிய வரணும், அதனால நாலரை இஞ்ச் சுவருக்கு நாலஞ்சு மாசம் ஆகலாம். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், கட்டிலைத் தள்ளிப் போட்டு ஜன்னலைத் திறந்து வச்சு ஃபேனை ஓட விடுங்க.

காஞ்சிடுச்சான்னு பார்க்க, ரெண்டடிக்கு ரெண்டடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டை சுவத்துல வச்சு நாலு ஓரமும் டேப்பால இறுக்கமா ஒட்டி 48 மணி நேரம் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா சுவர் இன்னும் ஈரம். வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா அது ரூம் காத்துலேருந்து வர்றது, அதுக்குக் காத்தோட்டம்தான் மருந்து.

உள்பக்கம் சுத்தமா காஞ்சிருந்தா ஒண்ணுக்கு நாலு சிமென்ட் மணல் கலவையில 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுங்க, மணல்ல உப்பு இருக்கக்கூடாது. ஜிப்சம் பட்டி அந்த இடத்துல வேணாம், லேசா ஈரம் பட்டாலே இளகிடும், வெள்ளை சிமென்ட் பட்டி போடுங்க. சிமென்ட் பூச்சை ஏழு நாள் நனைச்சு, மொத்தம் 28 நாள் ஆன பிறகு பட்டி, ப்ரைமர், அதுக்கு மேல எமல்ஷன். அந்த ரெண்டடிக்கு ஆயில் பெயின்ட் அடிச்சா துடைக்க வசதியா இருக்கும்னு தோணும், ஆனா மிச்சம் மீதி ஈரம் வெளிய போக வழியில்லாம அடுத்த கொப்புளம் அங்கேயே கிளம்பும், வால்பேப்பரும் பிளாஸ்டிக் பேனலும் அதே கதைதான்.