'எக்ஸ்ட்ராவகன்ட்' என்பதைத் தமிழில் ஊதாரித்தனம் என்பதா, ஆடம்பரம் என்பதா?

"அவர் எக்ஸ்ட்ராவகன்டாக வாழ்கிறார்" என்ற வாக்கியத்தைக் கொடுத்து, அகராதியில் ஊதாரித்தனம், ஆடம்பரம், வீண்செலவு மூன்றும் இருக்கிறதே, எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றல்ல. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், வரவு செலவுக் கணக்கு வைக்கும் செயலி ஒன்றைத் தமிழாக்கினேன். மாத வரம்பைத் தாண்டினால் 'ஓவர்ஸ்பென்ட்' என்று ஓர் அறிவிப்பு வரும். அதற்கு நான் எழுதிக்கொடுத்தது: "இந்த மாதம் நீங்கள் ஊதாரித்தனமாகச் செலவு செய்துவிட்டீர்கள்!" ஆச்சரியக்குறி வேறு. சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவருக்கு வரம்பு தாண்டியது மருத்துவச் செலவால். "ஆஸ்பத்திரிக்குக் கட்டினதுக்கு உங்க ஆப் என்னை ஊதாரிங்குது" என்று கருத்து எழுதியிருந்தார். படித்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு மாற்றினோம்: "இந்த மாதச் செலவு, நீங்கள் வைத்த வரம்பைத் தாண்டிவிட்டது." ஆளை விட்டுவிட்டுச் செலவை எழுவாயாக்கினேன், அவ்வளவுதான். வரம்பு மீறியது என்பது கணக்கு. ஊதாரித்தனம் என்பது தீர்ப்பு. அறிவிப்புக்குத் தேவைப்பட்டது கணக்கு மட்டும்.

ஊதாரி என்ற சொல் ஒரு தடவைச் செலவைச் சொல்வதில்லை, குணத்தைச் சொல்கிறது. கொஞ்சம் மென்மையாகச் சொல்ல நினைத்தால் 'செலவாளி' இருக்கிறது. "அவன் பெரிய செலவாளிப்பா" என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 'ஓட்டைக் கை' இன்னும் செல்லம். ஊதாரியைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் சுடும். ஒரு வேடிக்கை: உதாரகுணம் என்றால் வள்ளல்தன்மை. குறில் நெடிலாகி ஊதாரி என்று ஆனால் வசை. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, காதுக்கு அவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆடம்பரம் வேறு சாதி. வடமொழியில் அந்தச் சொல்லுக்கு முரசு, பேரொலி என்ற பொருள்கள் உண்டு. அந்தச் சத்தம் தமிழிலும் அடங்கவில்லை. ஆடம்பரத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும். ஊதாரிக்கு வேண்டாம், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டே கைப்பேசியில் சொத்தைக் கரைத்துவிடுவான். எவ்வளவு செலவழித்தாலும் தீராத பணக்காரர் ஆடம்பரமாக வாழலாம், அவரை ஊதாரி என்று யாரும் சொல்ல மாட்டோம்.

வீண்செலவு, வெட்டிச்செலவு, தண்டச்செலவு மூன்றும் ஆளையோ பகட்டையோ பார்ப்பதில்லை. போன பணத்துக்குப் பலன் உண்டா என்று மட்டும் பார்க்கின்றன. தொகை சின்னதாக இருந்தாலும் தண்டச்செலவு தண்டச்செலவுதான். தண்டம் என்றால் அபராதமும்தானே, அந்த எரிச்சல் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. 'விரயம்' இங்கே ஒரு விசித்திரப் பேர்வழி. வடமொழி 'வியயம்' முதலில் செலவு, கூடவே இழப்பு, அழிவு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. தமிழில் வீணாவது என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. நேர விரயம் என்கிறோமே, அதுதான்.

இனி நீங்கள் கேட்ட சொல்லுக்கே வருகிறேன். அது லத்தீன் வழி வந்தது: 'எக்ஸ்ட்ரா' வெளியே, 'வகாரி' அலைவது. எல்லைக்கு வெளியே அலைவதுதான் முதல் பொருள். 'ஹாம்லெட்' நாடகத்தின் முதல் காட்சியில் ஆவியைப் பற்றிய பேச்சில் இந்தச் சொல் வரும். அங்கே பணமே இல்லை, அலைந்து திரிகிற ஆவி என்றுதான் அர்த்தம். கையிலுள்ள பணம் எல்லை தாண்டி அலைவதைச் சொல்ல வந்தது பின்னால்.

நம் 'செலவு' மட்டும் என்ன? செல் என்ற வினையிலிருந்து வந்தது. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். தலைவன் பொருள் தேடப் புறப்பட்டு, மனம் வராமல் நின்றுவிடுவதைச் 'செலவழுங்குதல்' என்பார்கள். பணம் செலவழித்ததாக எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் திகைத்த கல்லூரி மாணவர்களில் நானும் ஒருவன். வள்ளுவர் 478ஆம் குறளில் வருமானத்தை ஆகாறு என்றும் செலவைப் போகாறு என்றும் சொல்கிறார்; வரும் வழி சிறிதானாலும் போகும் வழி அகலாதவரை கேடில்லை என்கிறார். எக்ஸ்ட்ராவகன்டுக்கு இதைவிட நெருக்கமாக ஒன்று சொல்லச் சொன்னால் 'அகன்ற போகாறு' என்பேன். யாரும் புழங்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டுச் சொற்களில் இரண்டு பொறிகள். 'ஸ்பென்ட்த்ரிஃப்ட்' என்பதில் த்ரிஃப்டைப் பார்த்துச் சிக்கனமானவர் என்று எழுதிவிடுகிறார்கள். பழைய வழக்கில் த்ரிஃப்ட் என்பது சேர்த்துவைத்த செல்வமும்கூட. அதைச் செலவழித்துத் தீர்ப்பவர்தான் ஸ்பென்ட்த்ரிஃப்ட். இன்னொன்று 'பிராடிகல் சன்'. அது திரும்பி வந்த மகன் என்று பொருள்படாது, ஊதாரி மகன். சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் மகனைப் பற்றிய பைபிள் கதையை (லூக்கா 15ஆம் அதிகாரம்) தமிழில் சிலர் 'ஊதாரி மைந்தன்' என்பார்கள், சிலர் 'கெட்ட குமாரன்' என்பார்கள். இரண்டாவதில் பணம் காணாமலே போய்விட்டது.

உங்கள் வாக்கியத்துக்கு: அடுத்த வரியில் கடன் வந்தால் "கைமீறிச் செலவழிக்கிறார்". ஊரே பார்க்கிற வாழ்க்கை என்றால் "ஆடம்பரமாக வாழ்கிறார்". சொல்பவர் அவர்மேல் கோபமாக இருக்கிறார் என்பது மூலத்தில் தெரிந்தால் மட்டும் ஊதாரியை எடுங்கள். "எக்ஸ்ட்ராவகன்ட் பிரெய்ஸ்" என்று எங்காவது வந்தால் இதில் எதுவுமே வேண்டாம். "வானளாவப் புகழ்ந்தார்" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.