வரைபட மேசையா, கட்டுமானத் தளமா?

சிவில் பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகத்தில் சேருவதா, கட்டுமானத் தளத்துக்குப் போவதா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் வாழ்நாள் முழுவதும் என்ற எண்ணத்தை முதலில் விலக்கி வையுங்கள். வரைபடங்களை முடித்துவிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி, பிறகு ஒப்பந்ததாரரைத் தேடும் பழைய முறை இன்றும் இருக்கிறது. ஆனால் வடிவமைப்பு, கட்டுமானம் இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் ஏற்கும் முறையும் வேரூன்றிவிட்டது. பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பான ஃபிடிக் 1999இல் வெளியிட்ட 'மஞ்சள் புத்தகம்' அத்தகைய பணிகளுக்கான மாதிரி ஒப்பந்தம்தான்.

வடிவமைப்பவருக்குத் தள அனுபவம் ஏன் தேவை என்பதற்கு, தூணும் உத்திரமும் சேரும் ஓர் இடத்தைப் பாருங்கள். கணக்குப்படி எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் நான்கு பக்க உத்திரக் கம்பிகளும் தூணின் கம்பிகளும் வளையங்களும் அங்கே நெருக்கியடிப்பதால், காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி நுழைய வழியின்றி, காங்கிரீட் தேன்கூடு போலப் பொத்தலாகிவிடும். தூண் கம்பிகளின் இணைப்பைச் சந்திப்பிலிருந்து விலக்கி நடு உயரத்துக்கு மாற்றினாலே நெருக்கம் குறையும். வரைபட நிலையில் சில நிமிட வேலையான அது, கம்பி கட்டி முடித்தபின் பல நாள் தலைவலியாகும்.

சிட்னி ஓபரா ஹவுஸில் 1959இல் பணி தொடங்கியபோது கூரையின் வடிவமைப்பு முடிவாகியிருக்கவில்லை. முன்பே எழுப்பிய அடிமேடைத் தூண்கள் கூரையின் எடையைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை மாற்றிக் கட்ட நேர்ந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக மதிப்பிடப்பட்ட கட்டடம் 10.2 கோடி டாலரில்தான் 1973இல் திறக்கப்பட்டது. (செலவு ஏறியதற்கு இது ஒன்றே காரணமன்று.) இரு கட்டங்களையும் இணைப்பது வேறு, வரைபடம் வருமுன் அவசரப்பட்டுக் கட்டுவது வேறு.

எனவே, முதல் இரண்டு ஆண்டுகள் தளத்திலும் அதன்பின் வடிவமைப்பு அலுவலகத்திலும் பணியாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. வெயிலும் இரவுநேரக் காங்கிரீட் பணியும் உங்களைத் தயங்க வைப்பது நியாயமே. ஆயினும் எந்தக் கம்பியை எந்த அளவில் வெட்டி வளைப்பது என்று குறிக்கும் கம்பி வளைப்பு அட்டவணையைத் தன் கையால் போட்டுப் பார்த்தவர் வரையும் வரைபடம் வேறு மாதிரி இருக்கும். கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக உருவாக்கிச் சரிபார்க்க உதவும் ரெவிட், நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருள்களைக் கற்கட்டும். ஆனால் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் குழாயும் உத்திரமும் மோதுவதை மென்பொருள் காட்டிவிடும், எதை நகர்த்துவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேர்முகத் தேர்வில் அவர் ஒன்று கேட்கட்டும்: தளத்திலிருந்து எழும் வரைபடச் சந்தேகங்களுக்கு உங்கள் நிறுவனத்தில் பதில் எழுதுபவர் யார், புதிதாகச் சேருபவருக்கு அதில் இடமுண்டா?