பந்தயம் ஓய்ந்த கிரேஹவுண்ட் வீட்டுக்கு வரும்போது: வாசகர் கேள்வி – பதில்

பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்களை, அந்த ஓரினத்துக்காகவே இயங்கும் மீட்புக் குழுக்களிடமிருந்து தத்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்களுக்கு ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். கிரேஹவுண்டுக்கு விண்ணப்பித்தால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். வீட்டையும் வந்து பார்ப்பார்களாம். எதற்கு இவ்வளவு?
– வாசகி, மெல்போர்ன்

கொடுத்த நாய் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இந்த நாய்கள் பண்ணையிலும் கொட்டிலிலும் வளர்ந்தவை. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் ஓட்டம் முடிந்து வெளியே வருகின்றன. அதுவரை பெரும்பாலானவை ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததே கிடையாது.

வீடு பார்க்க வருபவர் உங்கள் வசதியை அளக்க வரவில்லை. வேலியின் உயரம், அதன் அடியில் இடைவெளி, வாசல் கேட்டின் தாழ், நீச்சல் குளத்துக்குத் தடுப்பு ஆகியவற்றைத்தான் பார்ப்பார். உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் கிரேஹவுண்ட் தண்ணீரில் மிதக்கத் திணறும். அதனால் குளத்தைச் சுற்றி அடைப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

அவர்கள் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாய் தினமும் ஒன்பது மணி நேரம் தனியாக இருக்கும் என்றால் அதையும் மறைக்காதீர்கள். அதற்கு ஏற்ற நாய் குழுவிடம் இருக்கலாம். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட நாய் ஏற்றதாக இல்லாமலும் போகலாம்.

பதிலுக்கு நீங்களும் கேளுங்கள். ஓட்டத்தை நிறுத்தியது காயத்தாலா, வேகம் குறைந்ததாலா? பந்தய எடை எத்தனை கிலோ? தற்காலிக வளர்ப்பு வீட்டில் இருந்ததா, கொட்டிலிலிருந்து நேராக வருகிறதா? பூனை, சிறிய நாய் முன் நிறுத்திச் சோதித்தார்களா? பல் சுத்தம் செய்தாயிற்றா? சரிப்படாவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா? ஆஸ்திரேலியாவில் பந்தய அமைப்புகளே நடத்தும் தத்துத் திட்டங்களும் உண்டு, தனிக் குழுக்களும் உண்டு. முதலில் போய்க் கேட்க ஏற்றது, நாயைச் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்த குழுதான்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி: படுத்திருக்கும் நாயைத் தொடக் கூடாது. கிரேஹவுண்ட் பல நேரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். கொட்டிலில் தூங்கும்போது யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். திடுக்கிட்டு எழுந்தால் உறுமும், சில நேரம் கடிக்கவும் செய்யும். தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது எழுந்து வந்த பிறகே தடவலாம். படுக்கையைக் கூடத்தின் மூலையில், யாரும் கடந்து போகாத இடத்தில் போடுங்கள்.

கேள்வி: வந்து நான்கு நாள் ஆகிறது. மாடிப்படி ஏறாது, டைல்ஸ் தரையில் கால் வைக்காமல் நிற்கிறது, வீட்டுக்குள் இரண்டு முறை சிறுநீர் கழித்துவிட்டது. ஏதாவது குறை உள்ள நாயா?
– வாசகர், சிட்னி

குறையே இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுமே அதற்குப் புதியவை.

தரை: வழுக்கும் இடங்களில் அடிப்பக்கம் ரப்பர் வைத்த விரிப்புகளையோ யோகா பாய்களையோ, படுக்கையிலிருந்து வாசல் வரை இடைவெளி விடாமல் போடுங்கள். ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் அந்த அறைக்குள் வர வாரக்கணக்கில் மறுக்கும். வாரைப் பிடித்து இழுத்தால் பயம் கூடுவதுதான் மிச்சம். சில வாரம் கழித்துப் பாய்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

கண்ணாடிக் கதவு: அது கதவு என்றே தெரியாமல் ஓடி மோதும். நாயின் கண் மட்டத்தில் வண்ண டேப் ஒட்டுங்கள். முதல் நாள் வாரில் பிடித்துக் கூட்டிப் போய் மூக்கால் தொட வையுங்கள்.

படி: இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பின்னால் நிற்க வேண்டும். முன்னங்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் படியில் வையுங்கள், பிறகு பின்னங்கால்கள். நான்கைந்து படி இப்படிப் போனால் உடம்புக்குப் பிடிபடும். பின்னால் நிற்பவர் தொடையால் அணை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நாய் பின்வாங்கி உருளும். இறங்குவதுதான் ஆபத்து. மேலிருந்து ஒரே தாவாகத் தாவப் பார்க்கும், கால் முறியும். கடைசி மூன்று படியிலிருந்து தொடங்கி, நாளுக்கு இரண்டு படி கூட்டுங்கள். படிகளுக்கு நடுவே திறப்பு இருந்தால் அட்டை வைத்து மறையுங்கள். பழகும்வரை படியடியில் குழந்தைக் கேட் போட்டு வைக்கலாம்.

சிறுநீர்: கொட்டிலில் குறித்த வேளைக்கு வெளியே விட்டுப் பழகிய நாய் இது, அந்தப் பழக்கம் உங்களுக்குச் சாதகம். விழித்ததும், சாப்பிட்டதும், தூங்கப் போகுமுன், இடையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நீங்களே வாரில் கூட்டிக்கொண்டு போங்கள். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. அது வாசலிலேயே நிற்கும், உள்ளே வந்ததும் சிறுநீர் கழித்துவிடும். உள்ளே சிறுநீர் கழித்த இடத்தை என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா உள்ள திரவத்தின் வாடை அதற்குச் சிறுநீர் போலவே இருக்கும், அதே இடத்துக்குத் திரும்பி வரும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் சிறுநீரைச் சோதியுங்கள்.

முதல் சில நாள் சாப்பாடு குறையும், வயிறும் இளகும். குழு கொடுத்த உணவையே ஒரு வாரம் தொடர்ந்து, பின் ஏழு நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். உறவினர்களை அழைத்துக் காட்டுவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: வேலைக்குக் கிளம்பினால் ஊளையிடுகிறது. பக்கத்து வீட்டார் புகார் சொல்கிறார்கள்.
– வாசகர், ஹாரோ, லண்டன்

இதுவரை அது தனியாக இருந்ததே இல்லை. கொட்டிலில் பக்கத்தில் எப்போதும் வேறு நாய்களின் மூச்சும் வாடையும் இருந்தன. நிறையப் பேர் செய்யும் தவறு, முதல் வாரம் முழுக்க விடுப்பு எடுத்து நாயோடேயே இருந்துவிட்டு எட்டாம் நாள் எட்டு மணி நேரம் போய்விடுவது. முதல் நாளிலிருந்தே கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிடம் வெளியே நின்று திரும்புங்கள். அது அமைதியாக இருந்தால் ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று கூட்டுங்கள். ஊளை தொடங்கினால் நேரம் நீண்டுவிட்டது என்று அர்த்தம்; முந்தின அளவுக்குத் திரும்புங்கள். பழைய கைபேசியில் வீடியோ ஓடவிட்டுப் பார்த்தால் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று தெரியும். கூண்டுக்குள் பூட்டிப் போவதில் கவனம் வேண்டும். பதற்றத்தில் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு.

கேள்வி: நாங்கள் சைவம். இந்த நாயை வளர்க்க முடியுமா?
– வாசகி, வெண்ட்வொர்த்வில்

தாராளமாக. நல்ல உலர் தீவனம் போதும், வீட்டில் இறைச்சி சமைக்க வேண்டியதில்லை. முப்பது கிலோ நாய்க்குத் தீவனத்தைப் பொறுத்து நாளுக்குச் சுமார் 300 முதல் 400 கிராம், இரண்டு வேளையாக. பந்தய எடையைவிட ஒன்றிரண்டு கிலோ கூடலாம், அதற்கு மேல் வேண்டாம். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிய வேண்டும். நம் கண்ணுக்கு அது பட்டினி கிடந்த நாய் போலத் தோன்றும். பரிதாபப்பட்டுச் சோற்றைக் கூட்டாதீர்கள்.

சாம்பார், ரசம், குழம்பு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமையல் மேடையும் அதன் மூக்கும் ஒரே உயரம் என்பதால், கிண்ணத்தை ஓரத்தில் வைக்காதீர்கள். தரையில் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் நாயை வேறு அறையில் விடுங்கள், வாலை ஒரு வீசு வீசினால் போதும்.

கேள்வி: நடைக்குப் போனால் நடுத்தெருவில் சிலை மாதிரி நிற்கிறது. பூங்காவில் அவிழ்த்து விடலாமா?
– வாசகர், டாண்டினாங்

விடக் கூடாது. உங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் வளர்ப்பு கிரேஹவுண்டுக்கு மசில் எனப்படும் வாய்க்கூடு கட்டாயமில்லை. ஆனால் பொது இடத்தில் வார் கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் இதுதான் சரி. முயலைக் கண்டால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், கூப்பிடுவது காதில் ஏறாது.

தலையைவிடக் கழுத்து பருத்த இனம் என்பதால் சாதாரணப் பட்டை பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் அளவோடு இறுகும், அகலமான மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். நீளும் சுருள் வார் வேண்டவே வேண்டாம். சில எட்டிலேயே முழு வேகம் பிடித்து, வார் முடியும் இடத்தில் கழுத்து வெடுக்கென்று இழுக்கப்படும்.

நின்றுவிட்டால் இழுக்காமல், பக்கவாட்டில் திரும்பி அரைவட்டமாக நடங்கள், கூடவே வரும். தினமும் ஒரே இடத்தில் நின்றால் பாதங்களைப் பாருங்கள். உள்ளங்கால் மெத்தையில் ஆணி வருவது இந்த இனத்தில் அதிகம். கல் தரையில் நொண்டி, புல்லில் சரியாக நடக்கும்.

கேள்வி: டொரண்டோவில் காத்திருப்புப் பட்டியல் மிக நீளம். ஏன்?

டொரண்டோ குழுக்களுக்கு நிறைய நாய்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்துதான் வந்தன. 2018இல் அம்மாநில மக்கள் வாக்களித்துப் பந்தயத்தைத் தடை செய்தார்கள். 2020 இறுதியோடு அங்கே ஓட்டம் நின்றது. இப்போது சில குழுக்கள் அயர்லாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவருகின்றன.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, பிளேட்லெட் குறைவு என்கிறார்கள். நாயோ நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகி, மெல்போர்ன்

மாத்திரை தொடங்குமுன், அறிக்கையை கிரேஹவுண்ட் அளவுகளோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு இந்த இனத்தில் 50 முதல் 60 விழுக்காடு, அதற்கு மேல்கூட இருக்கும்; மற்ற நாய்க்கு அது நீரிழப்பின் அறிகுறி. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இயல்பாகவே குறைவு. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் மற்ற இனங்களில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். தசையில் உண்டாகி சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின், தசை மிகுதியால் கூடும். சிறுநீரகமா என்று முடிவுசெய்யச் சிறுநீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல நாய்க்கு வாழ்நாள் முழுக்க வேண்டாத மருந்து போவதற்கு, இப்படி இனத்தின் அளவுகளோடு ஒப்பிடாததுதான் வழக்கமான காரணம்.

அறுவை சிகிச்சைக்கு முன்பும் இனத்தைச் சொல்லுங்கள். தயோபென்டால் போன்ற பழைய மயக்க மருந்து இதன் உடலிலிருந்து மிக மெதுவாகத்தான் வெளியேறும். சிறிய அறுவைக்குப் பிறகும், ஒன்று முதல் நான்கு நாளுக்குள் தாமதமாக ரத்தக் கசிவு வரலாம். தையலைச் சுற்றிக் கருநீலம் பரவினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வயதான நாய் ஒரு காலை நொண்டி இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எலும்புப் புற்று இந்த இனத்தில் அதிகம்.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கும் இதெல்லாம் பொருந்துமா?
– வாசகர், விருதுநகர்

பாதி பொருந்தும். கண்ணால் கண்டு துரத்தும் அதே வகை வேட்டை நாய் என்பதால், மார்ட்டிங்கேல் பட்டை, நீளும் வார் தவிர்ப்பு, பஞ்சு வைத்த படுக்கை எல்லாம் சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் சரி. வீட்டிலும் காட்டிலும் வளர்ந்த நாய்க்குப் படியும் தரையும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேலே சொன்ன ரத்த அளவுகள் கிரேஹவுண்டில் அளந்தவை; அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை ரத்தம் எடுத்து, அந்த அறிக்கையைத் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்குமுன் மட்டும், இது ஒல்லியான ஓட்ட நாய், பார்த்துக் கொடுங்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.